நான்காம் மாடியிலிருந்து ஒன்பதாம் மாடி வரை

இந்த நிகழ்வு நடந்தது 2021 ஜூலையில், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நான் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் லிஃப்டுக்குள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதைப் பற்றிச் சம்பந்தப்பட்டவர்களிடம் நான் நான்கு மாதம் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு குடும்பங்களும் எழுதச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெயர்களையும் விட்டுவிட்டேன். முதலில் "உள்ளூர்ப் பெண்", "ஊரிலிருந்து வந்த பெண்" என்று எழுதிப் பார்த்தேன். எதைப் பற்றி எழுத வந்தேனோ அதையே நானும் செய்வதாகப் பட்டது. எங்கள் புளோக்கில் ஒருவரை மாடி எண்ணால் சொல்வது வழக்கம். நான் ஆறாம் மாடி டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வசிப்போர் குழுவில் தொண்டூழியம் செய்கிறேன். அந்த வழக்கப்படியே மற்றவர்களையும் சொல்கிறேன்: நான்காம் மாடி, ஒன்பதாம் மாடி, பதினொன்றாம் மாடி.

நடந்தது

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பதாம் மாடி சந்தைக்குப் போய்விட்டு மகனோடு லிஃப்டில் ஏறுகிறாள். கைபேசியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், தமிழில், கொஞ்சம் சத்தமாக. அவள் அம்மாவுக்குக் காது மந்தம். லிஃப்டின் மூலையில் பதினொன்றாம் மாடி தன் மகளோடு நிற்கிறாள். கதவு மூடும் நேரத்தில் நான்காம் மாடியில் குடியிருக்கும் சீனப் பாட்டி தள்ளுவண்டியோடு நுழைகிறார். எழுபதைத் தாண்டியவர். பேச்சைக் கேட்டு முகம் சுளித்து, யாரையும் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்கிறார்: "எங்கே பார்த்தாலும் சீக்கா."

ஒன்பதாம் மாடி கைபேசியை இறக்கிவிட்டு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். நான் இங்கே பிறந்தவள். என் அப்பா இங்கே பிறந்தவர். என் கணவர் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செய்தவர். நான் சீக்கா இல்லை, அவர்கள் வேறு, நாங்கள் வேறு.

லிஃப்ட் நான்கில் நின்றது. பாட்டி ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். பிறகு நான்கிலிருந்து ஒன்பது வரை ஐந்து மாடி. உள்ளே இரண்டு அம்மாக்கள், இரண்டு பிள்ளைகள். யாரும் பேசவில்லை.

இந்த இருவரும் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளைகள் ஒரே பள்ளியில் தொடக்கநிலை ஒன்று, ஒரே தமிழ் வகுப்பு. ஒன்பதாம் மாடி வேலைக்குப் போகிறவள் என்பதால், பள்ளி விட்டதும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வந்து, சோறு போட்டு, மாலை வரை வைத்துக்கொண்டது பதினொன்றாம் மாடிதான். ஜனவரியிலிருந்து அப்படி. அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "அக்கா, நாளையிலிருந்து எனக்கு வேற வேலை இருக்கு, தம்பியக் கூட்டிட்டு வர முடியாது." அவ்வளவுதான். ஒன்பதாம் மாடி இரண்டு நாள் விடுப்பு எடுத்து மகனுக்கு மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் தேடினாள். அப்போதுதான் விஷயம் என்னிடம் வந்தது.

சீக்கா என்ற சொல்

சீக்கா என்பது இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பொருளியல் ஒப்பந்தம் ஒன்றின் ஆங்கிலச் சுருக்கப் பெயர். 2005 ஜூனில் கையெழுத்தானது. ஒரு காகிதத்தின் பெயர் எப்படி மனிதர்களின் பெயரானது என்பதை இங்கே இருக்கிற எல்லாரும் கண்ணால் பார்த்தோம். முதலில் இணையத்தில் வேலைவாய்ப்புப் புகார்களில் வந்தது. பிறகு புகார் மறைந்து ஆள் மட்டும் மிஞ்சினார்.

புகாருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி, வைத்திருப்பவர்களில் இந்தியர்களின் பங்கு 2005இல் ஏறத்தாழ 14 விழுக்காடு, 2020இல் ஏறத்தாழ 25 விழுக்காடு. இந்த எண்களை அரசாங்கமே 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்னது. பங்கு கூடியதற்குக் காரணம் ஒப்பந்தம் அல்ல, மின்னிலக்கத் துறையில் ஆள் தேவை கூடியதுதான் என்றும், ஒப்பந்தத்தால் யாருக்கும் தானாகக் குடியுரிமையோ வேலை அனுமதியோ கிடைப்பதில்லை என்றும் அன்றே விளக்கினார்கள். அந்த விளக்கம் வந்து சில நாளில்தான் எங்கள் லிஃப்டில் இது நடந்தது.

பதினொன்றாம் மாடியின் மகள் வீட்டுக்குள் போனதும் கேட்டாளாம்: "அம்மா, சீக்கான்னா என்ன?" அம்மா யோசித்துவிட்டு, "அது ஒரு ஒப்பந்தம்டா, ரெண்டு நாட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டது" என்றாளாம். குழந்தை விடவில்லை: "அப்ப ஏன் அந்த ஆன்ட்டி, நான் அது இல்லன்னு சொன்னாங்க?"

ஒன்பதாம் மாடி

அவளுக்கு அப்போது வயது 43. தாத்தா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அப்பா அந்தத் தளத்தின் குடியிருப்பிலேயே பிறந்தார். பங்குனி உத்திரத்துக்கு மரத்தடி முருகனுக்குத் தாத்தா காவடி எடுத்ததைப் பெருமையாகச் சொல்வாள். அந்தப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் இப்போது ஈசூனில் இருக்கிறது. இன்றும் வருடம் தவறாமல் அங்கே பால்குடம் எடுக்கிறாள்.

எண்பதுகளில் பள்ளிக்குப் போனபோது அவளைக் "கிலிங்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தியர்களைக் குறிக்க, கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பழைய சொல். ஜூரோங் பக்கம் தஞ்சோங் கிலிங் சாலை என்று ஒரு சாலையே உண்டு. ஊர்ப்பெயராக இருந்தது வசவாக மாறிவிட்டது. "அக்கா, எட்டு வயசுல அழுதேன். பத்து வயசுல திருப்பித் திட்டினேன். அதுக்கப்புறம் முப்பது வருஷம் யாரும் சொல்லல. முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்" என்றாள். லிஃப்டில் அவளுக்குக் கோபத்தைவிட முதலில் வந்தது பயம். மூன்று தலைமுறையாகச் சேர்த்து வைத்ததை ஒரு சொல்லில் பிடுங்கிக்கொள்கிறார்களே என்ற பயம். அதனால்தான் தாத்தா, அப்பா, தேசிய சேவை என்று ஆவணங்களை அடுக்குவதுபோல அடுக்கினாள்.

அவளுக்கு இன்னொரு புண்ணும் இருந்தது. அது நம்மவர்கள் கொடுத்தது. புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களோடு பழகும்போதெல்லாம் முதல் கேள்வி, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" செம்பவாங் என்பாள். "அது சரி, அதுக்கு முன்னாடி?" தாத்தாவின் ஊர்ப்பெயர் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஊரைக் கேட்பவர் ஊரை மட்டும் கேட்கவில்லை, சாதியையும் சேர்த்துத்தான் தேடுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குப் பல வருடம் ஆனதாம். புரிந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது என்றாள். பதினொன்றாம் மாடியும் முதல் சந்திப்பில் அதைக் கேட்டவள்தான்.

பதினொன்றாம் மாடி

திருச்சிக்காரி, அப்போது 36 வயது. கணவர் மென்பொருள் பொறியாளர். 2015இல் நிரந்தரவாசம் கிடைத்தது, 2019இல் மறுவிற்பனை வீடு வாங்கினார்கள். அதற்குமுன் வாடகைக்கு வீடு தேடிய கதையை அவள் சொல்லக் கேட்க வேண்டும். விளம்பரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும், "இந்தியரா? சமைப்பீர்களா?" பதில் சொல்வதற்குள் வீடு போய்விட்டிருக்கும். ஒரு முகவர் நேராகவே, "உரிமையாளர் இந்தியர் வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்ய?" என்றாராம். வீட்டைப் பார்க்கப் போன அன்று வாசனை வரக்கூடாதே என்று தாளிக்காமல் சமைத்துவிட்டுக் கிளம்பினோம் என்றாள். இப்போதும் ஜன்னல் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தாளிக்கிறாள்.

ஒன்பதாம் மாடியின் மேல் அவளுக்கு இருந்த கோபத்தில் உரிமை இருந்தது. "என் கையால அந்தப் பையனுக்கு ஏழு மாசம் சோறு ஊட்டியிருக்கேன் டீச்சர். அந்தப் பாட்டி சொன்னது எனக்கு வலிக்கல. பழகிப்போச்சு. இவங்க சொன்னதுதான்."

ஆனால் அதே பேச்சில், கொஞ்ச நேரத்தில், அவள் இன்னொன்றும் சொன்னாள். "நாங்க என்ன வொர்க் பெர்மிட்ல வந்தவங்களா? என் வீட்டுக்காரர் படிச்சு, கம்பெனியே கூப்பிட்டு வந்தவர். எங்களையும் அவங்களையும் ஒண்ணாப் பாக்குறாங்களே."

வொர்க் பெர்மிட் என்பது கட்டுமானம் போன்ற வேலைகளுக்கு வரும் குறைந்த சம்பள ஊழியர்களுக்கான அனுமதி. நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். வாக்கியம் அதேதான். நான் அவர்கள் இல்லை, அவர்கள் வேறு. லிஃப்டில் ஒன்பதாம் மாடி சொன்னதை இவள் தன் பங்குக்கு அடுத்த படியில் இறக்கி வைக்கிறாள். தலைச்சுமை தாங்காதபோது பக்கத்தில் நிற்பவர் தலைக்கு மாற்றிவிடுவதுபோல. சுமை அப்படியே இருக்கிறது. தலை மட்டும் மாறுகிறது.

என் வாக்கியம்

இதை எழுதாமல் இருந்தால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் கலவரம். ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு தனியார் பேருந்தின் அடியில் சிக்கி 33 வயது தமிழ்நாட்டுக் கட்டுமான ஊழியர் ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து ஆம்புலன்ஸும் போலிஸ் வாகனங்களும் எரிந்தன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்த முதல் கலவரம் அது. மறுநாள் காலை ஆசிரியர் அறையில் சகஊழியர் ஒருவர் என்னிடம் வந்து, உண்மையான அக்கறையோடு, "உங்கள் ஆட்களெல்லாம் நலமா?" என்று கேட்டார். நான் சட்டென்று சொன்னேன்: "அவர்கள் என் ஆட்கள் இல்லை. வெளிநாட்டு ஊழியர்கள்."

நான் தமிழ் கற்பித்தவள். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் ஞாயிறுதோறும் அவர்களோடு ஒரே கடையில் காய் வாங்கினவள். அவர்கள் பேசுவதும் நான் வகுப்பில் கற்பிப்பதும் ஒரே மொழி. இறந்தவர் யார், அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அந்தக் காலையில் நான் யோசிக்கவில்லை. என் மேல் விழப்போகும் பார்வையைத்தான் யோசித்தேன். எட்டு வருடம் கழித்து ஒன்பதாம் மாடி என் முன்னால் உட்கார்ந்து, "நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல அக்கா" என்றபோது, எனக்குத் தெரிந்திருந்தது.

பெட்டிகள்

அரசாங்கக் கணக்கில் எங்கள் மூவருக்கும் ஒரே பெட்டி. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கில் மூன்றாவது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு. அந்தச் சொல்லுக்குள் பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை வம்சாவளியினரும் அடக்கம். ஒன்பதாம் மாடிக் கணவரின் சம்பளச் சீட்டிலும் பதினொன்றாம் மாடிக் கணவரின் சம்பளச் சீட்டிலும் சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) என்று ஒரே மாதிரி ஒரு தொகை பிடிக்கிறார்கள். வீட்டை விற்கப் போனாலும் அப்படித்தான். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் சீனர் விகிதம் 87 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால், இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. அந்த நிலை வந்தால் ஒன்பதாம் மாடியின் வீட்டை வாங்க வருகிறவர்களில் பதினொன்றாம் மாடியைப் போன்றவர்களும் இருப்பார்கள்.

அந்தப் பெட்டியை நான் குறை சொல்லவில்லை. இனவாரிக் குடியிருப்புகள் உருவாகாமல் தடுத்ததில் அந்தக் கொள்கைக்குப் பங்குண்டு. என் பக்கத்து வீடுகளே சாட்சி. 1964 இனக் கலவரத்தைப் பார்த்த என் அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. அதே அம்மா, தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளிகளைக் கடைசிவரை "வங்காளி" என்றுதான் சொன்னார். அவர்கள் வங்காளத்துத் துறைமுகத்தில் கப்பல் ஏறி வந்ததால் வந்த பெயர். பஞ்சாபைப் பற்றி அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் திருத்தவும் இல்லை.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2025இல் இன நல்லிணக்கத்துக்குத் தனிச்சட்டமும் வேலையிட நியாயத்துக்கு ஒரு சட்டமும் நிறைவேறின. வரவேற்கிறேன். ஆனால் லிஃப்டில் ஐந்து மாடி நீண்ட அந்த மௌனத்துக்குள் எந்தச் சட்டமும் போக முடியாது.

"உங்களைச் சொல்லல"

நான் செய்த முதல் முயற்சி தவறாகப் போனது. ஆகஸ்ட் கடைசியில் இருவரையும் என் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தேன். ஒன்பதாம் மாடி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் உங்களைச் சொல்லலீங்க. நீங்க அந்த மாதிரி இல்ல."

பதினொன்றாம் மாடி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப யாரைச் சொன்னீங்கக்கா?"

பதில் இல்லை. தேநீர் ஆறியது. நானும் ஏதோ பிள்ளைகளின் பள்ளியைப் பற்றிப் பேசிச் சமாளித்தேன். இன்று யோசித்தால், நான் அந்தக் கேள்வியை அங்கேயே நிற்க விட்டிருக்க வேண்டும். "நீங்க அந்த மாதிரி இல்ல" என்பது சமாதானம் சொல்லும் தோரணையில் வரும் இரண்டாவது அடி. முத்திரையை அழிக்காமல், ஒருவரை மட்டும் அதற்கு வெளியே இழுத்து நிறுத்துகிறது. இழுக்கப்பட்டவர் நன்றி சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது.

நான்காம் மாடி

செப்டம்பரில் ஒருநாள் கோப்பிக்கடையில் பாட்டியோடு உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவானது சந்தை மலாய். அவர் என்னை "சிக்கு" என்பார், மலாயில் டீச்சர். சீக்கா என்றால் என்ன பாட்டி என்று கேட்டேன். "தா தாவு லா. ஓராங் சாக்காப்." தெரியாது, ஆட்கள் சொல்கிறார்கள். அவர் மகன் ஐம்பது வயதில் வேலையிழந்தவர். கணினித் துறை. அதற்குப்பின் ஓட்டுநராக இருக்கிறார். வீட்டில் சாப்பாட்டு மேசையில் தினமும் அந்தச் சொல் வந்திருக்கிறது. அது ஒப்பந்தம் என்றே பாட்டிக்குத் தெரியாது.

லிஃப்டில் பேசிய பெண்ணின் தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர் என்றேன். பாட்டியின் முகம் மலர்ந்தது. அவர் பழைய சொங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தவர். அந்தக் காலத்தில் தளத்து இந்தியர்களுக்குக் காய்கறி விற்றிருக்கிறார். முருங்கைக்காய் கேட்டு வருவார்கள் என்று கையால் நீளம் காட்டினார். பிறகு சொன்னார்: "ஓராங் கெலிங் லாமா, பாய்க். யாங் பாரு, தா பாய்க்." கெலிங் என்பது கிலிங்கின் மலாய் உச்சரிப்பு. பழைய கெலிங்குகள் நல்லவர்கள், புதியவர்கள் நல்லவர்கள் இல்லை.

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். இதை ஒன்பதாம் மாடியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தயங்கிவிட்டுச் சொன்னேன். அவள் முகம் மாறியது. வெகுநேரம் கழித்து, "என்னை நல்ல கெலிங்னு சொல்றாங்களா?" என்றாள். பிறகு, "இதத்தானே அக்கா நான் அவங்ககிட்ட போய்ச் சொன்னேன்."

நான் எவ்வளவு விளக்கியிருந்தாலும் அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுவந்திருக்க முடியாது. இந்த நிகழ்வில் எனக்குக் கிடைத்த ஒரே தெளிவு அதுதான். முத்திரை குத்தப்பட்ட வலியைவிட, நல்லவள் என்று தனியே பிரித்து வைக்கப்பட்ட கூச்சம் அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

பிறகு

அன்றே ஒன்பதாம் மாடி பதினொன்றுக்கு ஏறிப் போயிருக்கிறாள். வாசலில் நின்றபடி சொன்னதை இருவருமே எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள், வார்த்தை மாறாமல்: "நான் உங்களைத்தான் சொன்னேன். பயத்துல சொன்னேன். தப்பு." பதினொன்றாம் மாடி உள்ளே கூப்பிடவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தவும் இல்லை. பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்து, "தம்பி எங்க?" என்று கேட்டாளாம்.

நவம்பர் 4 தீபாவளி. தொற்றுக் கட்டுப்பாட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டே விருந்தினர். ஒன்பதாம் மாடிக் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே அதிரசம், முறுக்கு. சீட்டு எதுவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பையன் பள்ளி முடிந்து பதினொன்றாம் மாடிக்கே போகத் தொடங்கினான். ஊரைக் கேட்ட கேள்வியைப் பற்றியும் ஒருநாள் பேசியிருக்கிறார்கள். "ஊர்ல எல்லாரும் கேக்குறதுதானேக்கா, நான் அப்படி நெனச்சுக் கேக்கல" என்றாளாம். ஒன்பதாம் மாடி முழுதாக நம்பவில்லை. ஆனாலும் பேச்சு அங்கே நின்றுவிடவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வொர்க் பெர்மிட் ஊழியர்களைப் பற்றிப் பதினொன்றாம் மாடி சொன்னதை நான் அவளிடமே எடுத்துச் சொன்னேன், 2013இல் நான் சொன்னதையும் சேர்த்து. "அது வேற டீச்சர்" என்றாள். இன்னொரு நாள் பேசலாம் என்று விட்டிருக்கிறேன். ஒன்பதாம் மாடி லிஃப்டில் அம்மாவிடம் தமிழில் பேசுவதை வெகுநாள் நிறுத்தியிருந்தாள். கதவு திறந்ததும் கைபேசியை அணைத்துவிடுவாள். வீட்டில் தமிழை அதிகம் பேசுகிறவர்கள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு என்கிறது கணக்கெடுப்பு. அந்தக் குறைவுக்குப் பெரிய காரணங்கள் பல உண்டு. இப்படி அணைக்கப்பட்ட கைபேசிகளும் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறாள், மெதுவான குரலில்.

பாட்டி அவளைக் கண்டால் "சுடா மாக்கான்?" என்று கேட்கிறார். சாப்பிட்டாயா என்று. முருங்கைக்காய் விலைகூடப் பேசுகிறார்கள். பக்கத்தில் பதினொன்றாம் மாடி நின்றால், "இவங்களும் நம்ம புளோக்தான் ஆன்ட்டி, இவங்களையும் கேளுங்க" என்று ஒன்பதாம் மாடி ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். பாட்டி இன்னும் கேட்கவில்லை.